தெருப் பூங்காவை ஒழுங்காக நடத்துவது எப்படி? மலைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குன்னூரில் எங்கள் தெருவுக்கும் அதற்குக் கீழே இருக்கும் வரிசை வீடுகளுக்கும் நடுவில் 35 சென்ட் நகராட்சி நிலம் சரிவாகக் கிடக்கிறது. ஒன்பது வருடமாக அதைத் தெருக்காரர்களே பூங்காவாக வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். கோத்தகிரி, அருவங்காடு பக்கமிருந்து வருகிறவர்கள் பார்த்துவிட்டு "எங்க ஏரியாவிலும் இப்படி ஒண்ணு பண்ணணும்" என்று ஆரம்பித்துக் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக எழுதிவைக்கிறேன்.

ஒரு பொதுப் பூங்கா நன்றாக நடக்கிறதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வது?

பூவை வைத்துச் சொல்லாதீர்கள். ஏப்ரல், மே மாதத்தில் நீலகிரியில் எந்தத் தோட்டமும் அழகாகத்தான் இருக்கும். நவம்பரில் இரண்டு நாள் விடாமல் மழை கொட்டிய மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வடிகாலில் இலை அடைத்துக் கிடக்கிறதா, படிகளில் பாசி வழுக்குகிறதா, குப்பைத் தொட்டியைக் குரங்கு கவிழ்த்துப் போட்டிருக்கிறதா, அப்படியிருந்தால் அதை யாராவது அன்றைக்கே வந்து பார்த்தார்களா என்பதுதான் கணக்கு.

இன்னொரு இடத்தில் நின்றும் பார்க்க வேண்டும். பூங்காவுக்கு அடியில் இருக்கும் வீட்டு வாசல். மலையில் மேலே நாம் எதைச் செய்தாலும் அது தண்ணீராகவோ மண்ணாகவோ குப்பையாகவோ கீழே இருப்பவர் வீட்டுக்குத்தான் போய்ச் சேரும். சமவெளியில் பூங்கா நடத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இவ்வளவு கிடையாது. நாங்கள் இதைக் கற்றுக்கொண்ட கதை கீழே வருகிறது, கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

இதற்கென்று எங்காவது அளவுகோல் வைத்திருக்கிறார்களா?

பிரிட்டனில் 1996 முதல் கிரீன் ஃபிளாக் விருது என்று ஒன்று நடக்கிறது. எட்டுத் தலைப்புகளில் பூங்காவை எடைபோடுகிறார்கள்: வருகிறவரை வரவேற்கிற மாதிரி இருக்கிறதா, பாதுகாப்பு, பராமரிப்பும் சுத்தமும், சுற்றுச்சூழல், உயிரினங்களும் அந்த இடத்தின் பழமையும், மக்கள் பங்கு, மக்களுக்குச் செய்தி போய்ச் சேருவது, நிர்வாகம். ஊர்க்காரர்களே நடத்துகிற சின்ன இடங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. நமக்கு அந்தக் கொடி வேண்டியதில்லை, ஆனால் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். என்ன செய்யப் போகிறோம், யார், எந்த மாதத்தில் என்று எழுதிய ஒரு திட்டம். நாங்கள் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதி வைத்திருக்கிறோம், பாதிப் பக்கம் இன்னும் காலி. அந்த எட்டிலும் சரிவைப் பற்றித் தனியாக ஒன்றும் இல்லை என்பதால் ஒன்பதாவதாக அதை நாங்களே சேர்த்துக்கொண்டோம்.

நிலம் யாருடையது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது. சர்வே எண்ணைக் கண்டுபிடித்து நில அளவைப் பதிவேட்டில் என்ன வகையாகப் போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். நகராட்சி நிலமா, ஓடைப் புறம்போக்கா, வனத்துறை எல்லையா, ஒவ்வொன்றுக்கும் வழி வேறு. லேஅவுட் போட்டு விற்ற இடமென்றால் அனுமதி பெற்ற வரைபடத்தில் பொதுத் திறந்தவெளி என்று காட்டிய பகுதி ஒன்று இருக்கும். அதைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்குக் கொடுத்தார்களா என்று விசாரியுங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளி இவற்றைக் காப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1959லிருந்து ஒரு சட்டம் இருக்கிறது. பலருக்கு அது இருப்பதே தெரியாது.

நகராட்சி நிலமென்றால், பராமரிப்பைத் தெருக்காரர்களிடம் விடுவதாக எழுத்தில் வாங்குங்கள். கவுன்சிலர் வாயால் "பண்ணுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொன்னது அடுத்த தேர்தல் வரைக்கும்தான் செல்லும். கவுன்சிலர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சங்கம் பதிவு செய்ய வேண்டுமா?

சின்ன இடத்துக்குக் கட்டாயமில்லை. ஆனால் பணம் புரள ஆரம்பித்தால் செய்துவிடுங்கள். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். அந்த ஏழு பேரில் பூங்காவுக்குக் கீழே குடியிருப்பவர் ஒருவர், பெண்கள் இரண்டு பேராவது, மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர் ஒருவர் என்று பார்த்துப் போடுங்கள். ஏழு பேரும் ஓய்வுபெற்ற அதிகாரிகளாக இருந்தால் தீர்மானங்கள் அருமையாக இருக்கும், புல் வெட்ட ஆள் இருக்காது.

பணத்துக்கு என்ன செய்கிறீர்கள்?

ஊட்டி தாவரவியல் பூங்கா எப்படித் தொடங்கியது தெரியுமா? 1840களில் அங்கே குடியிருந்த வெள்ளைக்காரர்கள் ஆளுக்கு மாதம் 3 ரூபாய் சந்தா போட்டு, காய்கறிக்காக வைத்த தோட்டம் அது. அப்புறம்தான் 1848 வாக்கில் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைக்காரர் வந்து இப்போது நாம் பார்க்கிற பூங்காவாக அமைத்தார். மாதச் சந்தா என்பது இந்த மலைக்குப் புதிதில்லை என்று சொல்லத்தான் இது. தராதவர்களிடமும் இந்தக் கதையைச் சொல்லித்தான் கேட்கிறோம், பாதி நேரம் பலிக்கிறது.

எங்கள் கணக்கு: 46 வீடு, வீட்டுக்கு மாதம் 100 ரூபாய், ஒழுங்காகத் தருவது 33 வீடு. 3300 ரூபாய். வாரம் ஒரு நாள் வேலைக்கு வரும் அண்ணனுக்கு நாள் கூலி 700. நான்கு வாரம் என்றால் 2800 போக 500 மிஞ்சும், விளக்குமாறு, பூட்டு, கத்திக்குப் பிடி போடுவது எல்லாம் அதில். ஐந்து வாரம் வருகிற மாதத்தில் 200 துண்டு விழும், பொருளாளர் முகத்தைப் பார்க்க முடியாது. வரவு செலவை மாதம் பிறந்ததும் கேட்டில் ஒட்டிவிடுகிறோம். ஒட்டத் தொடங்கிய பிறகு தருகிறவர்கள் கூடினார்கள், அதற்கு முன்னால் 20 வீட்டுக்கு மேல் தாண்டியதில்லை.

பெரிய வேலைக்கு, தடுப்புச் சுவர் மாதிரி, 'நமக்கு நாமே' திட்டத்தைக் கேளுங்கள். பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். காகித வேலைக்குப் பொறுமை வேண்டும்.

என்ன செடி வைக்கலாம்?

முதலில் எதை எடுப்பது என்று யோசியுங்கள். நம் பக்கத்துக் காலி நிலத்தில் உண்ணிச்செடியும் (லன்டானா) சீகையும் (வாட்டில் என்கிற வெளிநாட்டு மரம், சீயக்காய் இல்லை) மண்டிக் கிடக்கும். உண்ணிச்செடியை வேரோடு பிடுங்க வேண்டும், வெட்டினால் இரண்டு மடங்காக வரும். ஆனால் ஒரே நாளில் மொத்தச் சரிவையும் வழித்துவிடாதீர்கள். அடுத்த மழையில் மண் இறங்கிவிடும். பட்டை பட்டையாக, ஒரு பட்டையை எடுத்து அதில் புல் பிடித்த பிறகு அடுத்தது. எங்களுக்கு இது முடிய மூன்று வருடம் ஆனது.

மரம் வெட்டுவது வேறு விஷயம். சீகையோ கற்பூர மரமோ (யூகலிப்டஸ்), களை மரம்தானே என்று கோடாலியைத் தூக்காதீர்கள். 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, அனுமதி வாங்க வேண்டும். அவசரமும் வேண்டாம். சோலை என்று நாங்கள் சொல்வது இந்த மலையின் இயற்கையான பசுமைமாறாக் காட்டை; அந்த மரக் கன்றுகளுக்குச் சின்ன வயதில் நிழல் வேண்டும், வெட்டவெளியில் வைத்தால் வெயிலிலும் பனியிலும் கருகிவிடும். பழனி மலையில் சீகை, பைன் தோப்புகளின் நிழலிலேயே சோலை மரங்கள் தானாக முளைத்து வந்த இடங்கள் உண்டு. அதனால் இருக்கிற மரத்தின் அடியில் நாவல் வகைகள் மாதிரி உள்ளூர்க் கன்றுகளை வைத்துவிட்டு, அவை ஆளுயரம் வந்த பிறகு மேலே உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கலாம். ஓரத்தில் தவிட்டுப்பழம், ஊசிக்கலா மாதிரி உள்ளூர்ப் பழப் புதர்கள். ஊசிக்கலா முள்ளாக இருப்பதால் வேலிக்கு வேலியும் ஆச்சு, பழத்துக்குக் குருவியும் வரும்.

எல்லா இடத்திலும் மரம் வைத்தே தீர வேண்டும் என்பதும் இல்லை. நீலகிரியின் மேல்மலை முன்பு சோலையும் புல்வெளியும் கலந்து கிடந்த பூமி, மரமே இல்லாத புல்வெளிதான் பெரும்பகுதி. காலியாக இருக்கும் புல்லைப் பார்த்தால் சிலருக்குக் கை துறுதுறுக்கிறது. அதை விட்டுவிடுங்கள், பிள்ளைகள் உருண்டு விளையாடட்டும்.

சுற்றுச்சூழல் தினத்துக்கு மரக்கன்று தருகிறோம் என்கிறார்கள், வாங்கலாமா?

எங்களுக்கு ஒரு தடவை ஜூன் 5ஆம் தேதி ஒரு நிறுவனம் 200 கன்று கொண்டுவந்து நட்டது. பேனர், டீ, போட்டோ, எல்லாம் ஒன்றரை மணி நேரம். நெருக்கி நெருக்கி வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் ஒரு செடி சாய்ந்து கிடக்கிறதே என்று தூக்கிப் பார்த்தால் அடியில் பிளாஸ்டிக் கவரையே கழற்றவில்லை. அடுத்த கோடைக்கு 11 மிஞ்சியது. இப்போது யார் வந்தாலும் சொல்கிறோம்: இருபது கன்று போதும், இரண்டு வருடம் களை எடுக்க மாதம் ஒருமுறை நாலு பேர் அனுப்புவீர்களா? அதோடு பேச்சு நின்றுவிடுகிறது பெரும்பாலும்.

நடைபாதைக்கு சிமென்ட் போடலாமா?

இதுதான் நான் சொன்ன கதை. நாலாவது வருடம் ஒருவர் நன்கொடை தந்தார், சரி, சேறாக இருக்கிறதே என்று மேல் கேட்டிலிருந்து கீழ் முனை வரை நேர்க்கோட்டில் நாலடி அகலத்துக்கு சிமென்ட் பாதை போட்டோம். ரொம்பப் பெருமை. திறப்பு விழாவில் கேசரி கூடக் கொடுத்தோம். அந்த நவம்பரில் மழை பிடித்தது. குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான் வரும் என்பது இங்கே பிறந்த எங்களுக்குத் தெரியாததா? 2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்ததை நேரில் பார்த்த ஊர் இது. ஆனாலும் பாதை போடும்போது ஒருவருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

முன்பு புல்லில் பரவி ஊறிப் போன தண்ணீர் இப்போது வழவழப்பான சிமென்ட்டில் வேகமெடுத்து நேராகக் கீழ் வரிசை வீட்டுத் தடுப்புச் சுவரின் பின்னால் போய் இறங்கியிருக்கிறது. பழைய கருங்கல் சுவர். நீர் வடியும் துளைகளை மண் அடைத்திருந்தது. மூன்றாம் நாள் காலையில் சுவர் ஒரு சாண் முன்னால் சாய்ந்து நின்றது. அந்த வீட்டில் ஒரு பாட்டியும் அவர் மகளும் இருந்தார்கள், நல்லவேளை இரண்டு பேரும் முந்தின இரவே பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். நாங்கள் ஓடிப் போய், "தண்ணி வருதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே பாட்டி" என்றோம். "யார்கிட்ட சொல்றது தம்பி? உங்க குரூப்ல நாங்க இல்லையே" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: "நீங்க நடக்கிறதுக்கு வழி போட்டீங்க, தண்ணி எங்க வீட்டுக்கு வழி போட்டுக்கிச்சு."

உண்மைதான். நாலு வருடமாகச் சந்தா, கூட்டம், வாட்ஸ்அப் குழு எல்லாம் மேல் தெருவோடு நின்றிருந்தது. கீழ் வரிசை வீடுகளைச் சேர்க்கக் கூடாது என்று யாரும் முடிவெடுக்கவில்லை, சேர்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அது இன்னும் மோசம் என்றுதான் எனக்குப் படுகிறது.

சிமென்ட்டை உடைத்தோம். உடைக்கிற கூலி போட்ட கூலியை விட அதிகம். இப்போது பாதை நேராக இறங்காமல் சரிவுக்குக் குறுக்கே வளைந்து வளைந்து போகிறது, சொரசொரப்பான கல் பாவியது, இடைவெளியில் புல். பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு குறுக்கு வாய்க்கால், அது பக்கவாட்டில் இருக்கிற பழைய ஓடையில் போய் விழும். சுவரைத் திருத்திக் கட்டி, துளைகளுக்குப் பின்னால் சல்லிக்கல் நிரப்பினோம். விளிம்பில் வெட்டிவேர். அக்டோபர் முதல் வாரம் வாய்க்காலைத் தூர்வாருவது நோட்டில் முதல் வேலையாக எழுதியிருக்கிறது, அதைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது அந்தப் பாட்டியின் மகள். மேல் தெருக்காரர் யாருக்கும் அந்தக் கையெழுத்து உரிமை கிடையாது.

நிலத்தை மட்டம் செய்ய ஜேசிபி கொண்டுவரலாமா என்றும் கேட்கிறார்கள். நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி இல்லாமல் மண் அள்ளும் இயந்திரம் இறக்கக் கூடாது. 35 சென்ட்டுக்கு அது தேவையும் இல்லை.

காட்டு மாடு, கரடி வந்தால்?

வரும். நம் இடத்துக்கு அவை வருகின்றனவா, அவை இடத்துக்கு நாம் வந்தோமா என்ற வாதத்தை டீக்கடைக்கு விட்டுவிடலாம். செய்ய வேண்டியது சில. பூங்காவில் கொய்யா, பேரி வைக்காதீர்கள், கரடிக்கு விருந்து வைத்த மாதிரி. உரக்குழியில் இலை தழை மட்டும், சாப்பாட்டு மிச்சம் போட்டால் காட்டுப்பன்றி அன்றைக்கே தோண்டிவிடும். காட்டு மாடு வழக்கமாக நடக்கும் தடத்தில் வேலி போடாதீர்கள். எங்கள் வேலியை இரண்டு தடவை மிதித்துப் போட்ட பிறகு அந்த ஓரத்தில் எட்டடி திறந்தே விட்டுவிட்டோம், இப்போது ஒரு தொல்லையும் இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல் யாரும் உள்ளே இருக்கக் கூடாது. மாட்டைப் பார்த்தால் செல்ஃபி வேண்டாம், கல் வேண்டாம், ஒதுங்கி நில்லுங்கள்.

குப்பைத் தொட்டி எத்தனை வேண்டும்?

எங்களிடம் ஒன்று, கேட்டுக்கு வெளியே, தாழ்ப்பாள் போட்ட மூடியோடு. முதலில் ஆறு வைத்தோம், ஆறையும் குரங்குகள் திறந்தன. உள்ளே தொட்டி இல்லாவிட்டால் கொண்டுவந்ததைத் திருப்பி எடுத்துப் போகிறார்கள், நம்புங்கள். பிளாஸ்டிக்குக்கு எதிரான வேலை இந்த மாவட்டத்தில் 2000 வாக்கிலேயே தொடங்கிவிட்டதால் சனங்களுக்கும் ஓரளவு பழக்கம் இருக்கிறது. சரிவில் கிடக்கும் கண்ணாடித் துண்டுதான் எங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது. 2022லிருந்து மதுக்கடைகளில் பாட்டிலுக்குக் கூடுதலாக 10 ரூபாய் வாங்கிக்கொண்டு காலியைத் திருப்பித் தந்தால் அதைக் கொடுக்கிறார்களே, அது வந்த பிறகு பாட்டில் கிடந்தாலும் யாராவது பொறுக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் நாலு வருடம் பலகை வைத்துச் சாதிக்காததைப் பத்து ரூபாய் சாதித்தது.

இரவில் குடிக்க வருகிறவர்களை எப்படித் தடுத்தீர்கள்?

கேட்டைப் பூட்டிப் பார்த்தோம், சுவர் ஏறினார்கள். பிறகு பகலில் ஆள் நடமாட்டத்தைக் கூட்டினோம். காலையில் நடப்பவர்கள், பதினொரு மணிக்குத் தேயிலை பறித்துவிட்டு வந்து வெயிலில் உட்காரும் அக்காக்கள், நாலு மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள். எப்போது யார் வருவார்கள் என்று தெரியாத இடத்தில் குடிக்க உட்கார மாட்டார்கள். மறைவாக இருந்த புதரை இடுப்புயரத்துக்குக் கவ்வாத்து செய்தோம். முழுக்க ஒழியவில்லை, சனிக்கிழமைகளில் இன்னும் உண்டு.

உட்கார, விளையாட என்ன வைப்பது?

கல் பெஞ்ச். மரப்பலகை நம் மூடுபனிக்கு மூன்றே வருடத்தில் இற்றுப்போகும், இரும்பு ஊஞ்சலுக்கு வருடம் ஒரு பெயிண்ட் கேட்கும். பெஞ்சை வெயில் விழும் பக்கம் போடுங்கள், சென்னைக்காரர்கள் வரைந்த பிளானில் எல்லாம் நிழலில்தான் இருக்கும். படிக்கட்டில் ஒரு பக்கமாவது கைப்பிடிக் குழாய். பெரியவர்கள் வருவதும் வராததும் அந்தக் குழாயில் இருக்கிறது.

நிர்வாகத்துக்குள் சண்டை வந்தால்?

வராமல் இருக்குமா? பொதுச் சொத்தை ஊர்க்காரர்களே எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்று உலகம் முழுக்க ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் வாங்கிய எலினார் ஆஸ்ட்ரம் சொன்னவற்றில் இரண்டு எங்களுக்கு உதவின. விதியை அதற்குக் கட்டுப்படுகிறவர்களே சேர்ந்து போட வேண்டும். மீறினால் தண்டனை சின்னதிலிருந்து தொடங்க வேண்டும், எடுத்த எடுப்பில் பெரிதாக இருக்கக் கூடாது. உதாரணமாக, நாயைக் கட்டாமல் விட்டால் முதல் தடவை சும்மா சொல்வோம், இரண்டாம் தடவை அவர் ஒரு ஞாயிறு களை எடுக்க வேண்டும். மூன்றாம் தடவை இதுவரை வரவில்லை, களை எடுப்பது அப்படி.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்பவர்கள் கோத்தகிரி லாங்வுட் சோலையைப் போய்ப் பாருங்கள். ஊரை ஒட்டிய 116 ஹெக்டேர் காடு. வனத்துறைக் காடுதான், ஆனாலும் உள்ளூர்க்காரர்கள் குழுவாக நின்று பல வருடம் கண்காணித்து வந்திருக்கிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் அதிலிருந்து. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. தண்ணீர் குடிக்கிறவர்களே காவலுக்கும் நின்றார்கள் என்பதைக் கவனியுங்கள்.

செல்ஃபி பாயிண்ட், செயற்கை நீரூற்று?

வேண்டாம். அதற்குக் குன்னூரிலேயே அரசின் சிம்ஸ் பூங்கா இருக்கிறது.

வந்து பார்க்கலாமா?

தாராளமாக. மாதத்தில் முதல் ஞாயிறு காலை எட்டு மணிக்கு எல்லோரும் இருப்போம், பத்தரைக்கு டீயும் வர்க்கியும் உண்டு. பழைய துணி, பிடிப்பான செருப்பு, கையுறை. மழைக்காலமென்றால் கொஞ்சம் உப்பை ஒரு துணியில் முடிந்து கொண்டுவாருங்கள், அட்டை ஏறும். கீழ் கேட் வழியாக வாருங்கள், பாட்டி வீட்டுச் சுவரைப் பார்த்துவிட்டு மேலே ஏறலாம்.